மதியம் வரை ஒரு வீடு

குடவாசல்
செப்டம்பர் 12

அன்புள்ள ஈசுவுக்கு,

இங்கே மழையும் நானும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். தபாலாபீஸில் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். "பொண்டாட்டிக்கு லெட்டரா சார்? நல்லா இருங்க" என்று சீல் குத்துகிற பெண் சிரிக்கிறாள்.

சிங்கப்பூர் வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கே வந்துவிடுவதா என்று நவம்பர் கடைசிக்குள் நீ முடிவு சொல்லியாக வேண்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன். திறந்தால் "வற்புறுத்துறீங்க" என்பாய். அதனால் சொல்லாமல் காட்டப்போகிறேன்.

ஊர்க்காரர்களுக்கெல்லாம் வீட்டுப் பிளான் போட்டுத் தருகிறேனே, நமக்கென்று ஒன்று போட்டேனா? போட்டுவிட்டேன். வெறும் கோடு இல்லை, ஓடுகிற படம். காலையில் கதவு திறப்பதில் தொடங்கி, சாயங்காலம் விளக்கு ஏற்றுவது வரை வெயில் அந்த வீட்டுக்குள் மெல்ல நடந்து போகும். கீழண்டை ஜன்னல், முற்றம், சமையல்கட்டு, உன் மேசை, கடைசியில் மூன்றாவது அறை. மூன்றாவது அறையில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்வதாக இல்லை.

ஒரே தொல்லை, நீ காலேஜில் படிக்கும்போது கட்டிய இந்தக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு நொடிக் காட்சிக்கும் வெயில் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று அது கணக்குப் போட வேண்டும். இந்த நடையில் போனால் பொங்கலுக்குத்தான் முடியும். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே பிராசஸரை ஓட்டலாமாம், ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு நேற்று கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸுக்குள் போனேன். இருப்பதிலேயே பெரிய எண்ணாகப் போட்டேன். திரை நீலமாகி அணைந்துவிட்டது. அந்த நீலம் அழகாகத்தான் இருந்தது. இனி என்ன செய்யட்டும்?

உன்
வைரக்கண்ணு

சிங்கப்பூர்
செப்டம்பர் 23

திரு. வைரக்கண்ணு அவர்களுக்கு,

அது என்னுடைய கம்ப்யூட்டர். மன்னார்குடி ஹாஸ்டலில் ஒரு போர்வையை விரித்து, ஒவ்வொரு திருகாக நான் முடுக்கியது. அதன் பயாஸில் கை வைக்கிற தைரியம் வந்த அன்று, எனக்கு ஒரு வார்த்தை எழுதுகிற தைரியமும் வந்திருக்கலாம்.

நீங்கள் வயலுக்குத் தண்ணீர் வைக்கும்போது மடையை ஒரேயடியாகவா வெட்டிவிடுவீர்கள்? கொஞ்சம் திறந்து, நின்று பார்த்து, அப்புறம்தானே அடுத்த மண்வெட்டி? இதுவும் அதுதான். பயாஸில் வேகத்தைத் தீர்மானிக்கிற மல்டிப்ளையர் என்று ஓர் எண் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு நல்ல வேலை கொடுத்து ஓட விட்டு, சூட்டைப் பாருங்கள். தாங்கினால் அடுத்தது. நடுவில் உறைந்து தொங்கினால் ஒரு படி இறங்குங்கள். வோல்டேஜைத் தொடவே தொடாதீர்கள், முதல் தடவை செய்கிறவர்கள் கெடுப்பதே அதில்தான்.

சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசஸர் மேல் நான் தடவிய தெர்மல் பேஸ்ட் இந்நேரம் காய்ந்து மாவாகியிருக்கும். நம் தெரு சாமிதுரை அண்ணன் லீவில் வருகிறார், புது டியூப் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பட்டாணி அளவு போதும். தோசைக்கு எண்ணெய் விடுவது போல விடவேண்டாம்.

இங்கே டேட்டா சென்டரில் என் வேலையே இயந்திரங்கள் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான். வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள், நடுவில் குளிர்காற்று, ஓயாத இரைச்சல். சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். நம் ஊர்ச் சோழசூடாமணி ஆற்று மதகடியில் நிற்கிற மாதிரியே இருக்கும். பாதம் நனைகிறதா என்று குனிந்து பார்ப்பேன், ஷூதான் இருக்கும்.

மூன்றாவது அறையில் தொட்டில்தானே? எனக்குத் தெரியாதா? போன சித்திரையில் வேலையை விடு, வீட்டைக் கட்டுவோம், குழந்தை பெற்றுக்கொள்வோம், எல்லாம் இந்த வருஷமே என்று நின்றீர்கள். அன்றைக்கும் திரை அணைந்துபோனது. போனை வைத்தது நான்தான்.

பிரகதீஸ்வரி

குடவாசல்
அக்டோபர் 5

அன்புள்ள ஈசு,

'திரு' போட்டுவிட்டாய். வங்கிக் கடிதம் என்று நினைத்து முதலில் பிரிக்கவே இல்லை. மூன்றாவது அறையைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அதற்குப் பதிலை அப்புறம் எழுதுகிறேன்.

பேஸ்ட் வந்தது. பழையதை வழித்து எடுத்தேன், நீ சொன்னபடி மாவுதான். பட்டாணி எடுத்துப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துத் தடவினேன், சிரிக்காதே. ஒன்று கூட்டினேன், தாங்கியது. இன்னொன்று கூட்டினேன், தாங்கியது. மூன்றாவதையும் தாங்கியது. ஈசு, அன்றைக்குப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! நம் வீட்டு முற்றத்தில் வெயில் இறங்கியது. திரைக்கு வெளியே மழை, உள்ளே வெயில். நனைந்த தலையோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், தலை தானாகக் காய்ந்துவிடும் போல இருந்தது.

ஆனால் ஒரு வாரமாக மறுபடியும் தொங்குகிறது. அன்றைக்குத் தாங்கிய அதே வேகத்தில் இன்றைக்கு நீலத்திரை. ஒரு படி இறங்கினேன், தொங்கியது. இன்னொரு படி இறங்கினேன், அதற்கும் தொங்கியது. நான் எதையும் மாற்றவில்லை, சத்தியமாக.

மற்றபடி ஊரில் இரண்டாம் போகமான தாளடிக்கு விதை விடுகிற வேலை. இந்தக் குளிரில் விதைநெல் முளைக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நான் பிளான் போடுகிற கடையறையில் மட்டும் எந்நேரமும் ஈர வைக்கோலும் முளைவிட்ட நெல்லும் கலந்த வாசம். கண்ணை மூடினால் நாற்றங்காலில் படுத்திருப்பது போல இருக்கிறது. உனக்கும் பிடிக்கும்.

உன்
வைரக்கண்ணு

சிங்கப்பூர்
அக்டோபர் 16

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கேன்டீனில் படித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் காபியை வைத்துவிட்டேன். கடையறையில் முளைநெல் வாசம் எப்படி வரும்? கம்ப்யூட்டருக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள்.

நானே சொல்கிறேன். பெட்டியின் பின்பக்கம் விசிறி கக்குகிற சூட்டில் கையை வைத்துப் பார்த்திருப்பீர்கள். அடடா, நல்ல கதகதப்பு, வீணாகப் போகிறதே என்று தோன்றியிருக்கும். ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு அங்கே சாத்திவிட்டீர்கள். சரிதானே? உலகத்தில் ஓவர்கிளாக் செய்கிறவர்கள் எத்தனையோ தப்புச் செய்வார்கள். இந்தத் தப்பைச் செய்ய நம் ஊர் ஆளால்தான் முடியும்.

முளைக்கிற நெல் தானாகவே சுடும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கல்யாணமான வருஷம், என் கையைப் பிடித்து மூட்டைக்குள் விட்டு, "பாரு, உசுரோட இருக்குல்ல" என்று காட்டியது யார்? மணிக்கட்டு வரை கதகதப்பாக இருந்தது. நீங்கள் கையை விடவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

சூடு வெளியே போக வழியில்லை, மூட்டையின் சூடும் சேர்ந்து திரும்ப உள்ளே வருகிறது, ஈரம் வேறு. பிராசஸர் பாவம் என்ன செய்யும்? வேகம் வேண்டுமென்றால் மூட்டையை எடுங்கள். மூட்டைதான் வேண்டுமென்றால் பழைய வேகத்துக்கு இறங்கி, பெட்டிக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு முழமாவது இடம் விடுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்காது.

எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுதாக வந்தால் நல்லது. எனக்கு ஒரு காரணமாவது கிடைக்கும், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

ஈசு

குடவாசல்
அக்டோபர் 31

அன்புள்ள ஈசு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். ஆனால் ஒரு மூட்டை என்று நினைத்தாய் பார், அதில்தான் தோற்றாய். முதலில் நம்முடையது ஒன்றுதான் இருந்தது. மற்றவர்களுக்கு முன்னால் அது முளைவிட்டதும் தெருவே வந்துவிட்டது. ஒருவர் எடுத்தால் இன்னொருவர் வைத்தார். பிளான் போட்டு வாங்கக் கடைக்கு வந்தவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து பேசினார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இயந்திரம் பெருமூச்சு விட்டது. மறுபடி படிப்படியாக ஏற்றினேன், ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. வெயில் சமையல்கட்டைத் தாண்டியது, உன் மேசைமேல் ஏறி இறங்கியது. இதே ஓட்டத்தில் போனால் நீ கையெழுத்துப் போடும் முன்னால் விளக்கு ஏற்றிவிடலாம் என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த மழை வந்தது. ராவெல்லாம் கொட்டி, வடிவாய்க்கால் தண்ணீர் திரும்ப வயலுக்குள் எதிர்த்துக்கொண்டு, நாற்றங்கால் எல்லாம் தண்ணீருக்கடியில். நம்முடையது மேட்டில் இருந்ததால் தப்பியது. மற்றவர்களுடையது அழுகிவிட்டது. மிச்சமிருக்கிற விதையை உடனே முளைகட்டி மறுபடி விட்டால்தான் இந்தப் போகம் உண்டு. காத்தாயி அக்கா நனைந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தம்பி, ஒன் பொட்டி சூடு இருந்தா ரெண்டு நாள்ல மொளச்சிரும். எடம் இருக்குமா? இல்லன்னாலும் சொல்லிடு, கோச்சுக்கமாட்டேன்" என்றார்.

நீதான் சொன்னாயே, இரண்டும் சேர்ந்து நடக்காது என்று. பயாஸுக்குள் போய் வேகத்தைக் கம்பெனி வைத்த இடத்துக்கே இறக்கினேன். "உள்ள கொண்டாங்கக்கா" என்றேன். நீ சொன்ன முழ இடம் விட்டு அடுக்கியிருக்கிறேன். படம் இப்போது நத்தையாக ஓடுகிறது, மூட்டைகளுக்குச் சூடு வேண்டுமே என்றுதான் ஓட விடுகிறேன்.

ஆக, நவம்பருக்குள் சாயங்காலம் வராது. மதியம் வரைக்கும் வந்ததைப் பென்டிரைவில் போட்டு, லீவு முடிந்து திரும்புகிற சாமிதுரை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பாதி வீட்டைக் காட்டி உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீ எது சரி என்று நினைக்கிறாயோ அதைச் செய். எனக்கு வருத்தமாக இருக்கிறது, கோபமாக இல்லை.

உன்
வைரக்கண்ணு

சிங்கப்பூர்
நவம்பர் 13

அன்புள்ள கண்ணு மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை, அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் கடைக்குப் போன பிறகு பார்த்தேன். கதவு திறந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நீளமாக விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முற்றத்தில் நின்ற குடத்துத் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடியது. அந்த ஆட்டத்தை எப்படிச் செய்தீர்கள்? என் மேசைமேல் ஒரு திருகாணி கிடக்கிறது, அதையும் பார்த்தேன். அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தரை சில்லென்று இருந்தது.

மதிய வெயில் மூன்றாவது அறையின் வாசற்படியைத் தொட்டதும் படம் நின்றுவிட்டது. உள்ளே இருட்டு. போன சித்திரையில் உங்கள் வாயிலிருந்து வந்தபோது காதைப் பொத்திக்கொண்ட அதே அறை. இப்போது உள்ளே எட்டிப் பார்க்க மாட்டோமா என்றிருந்தது. தொட்டிலாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

படம் முழுதாக வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. இன்னொரு தடவை என்னை அவசரப்படுத்த ஒரு வீட்டையே கட்டியிருக்கிறார் என்று தோன்றியிருக்கும். நீங்கள் காத்தாயி அக்காவை உள்ளே வரச்சொல்லி வேகத்தை இறக்கினீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உங்களுக்கு இறங்கத் தெரியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. வேலையையும் விட்டுவிடவில்லை. சித்திரை வரைக்கும் மட்டும் இருக்கிறேன் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார்கள். நடுவில் பொங்கலுக்கு லீவு, வருகிறேன். ஒரு படி, மாமா. நின்று பார்ப்போம். தாங்கினால் அடுத்தது.

வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நீங்களே வாருங்கள். சண்டை போட்டால் பஸ்ஸிலேயே போட்டுக்கொள்ளலாம்.

உங்கள்
ஈசு

குடவாசல்
நவம்பர் 25

என் ஈசுவுக்கு,

வருகிறேன். பஸ் வேண்டாம், கார் பிடிக்கிறேன், சண்டைக்கு வசதியாக இருக்கும்.

மூட்டைகள் எல்லாம் போய்விட்டன. காத்தாயி அக்கா வீட்டு நாற்று பச்சை கட்டிவிட்டது. "கம்ப்யூட்டர் நாத்து" என்றே தெருவில் பேர் வைத்துவிட்டார்கள். கடையறையில் வாசம் மட்டும் மிச்சம். மூட்டைகள் போன பிறகு, வேகத்தை மறுபடி ஏற்றிப் படத்தை முடிக்கலாமே என்று கை பரபரத்தது. ஏற்றவில்லை. மதியத்தோடு நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தொட்டில்தான் வைத்திருந்தேன், நீ கண்டுபிடித்தது சரி. வேகத்தை இறக்கிய அன்றைக்கே அதையும் எடுத்துவிட்டேன். உன் கடிதம் அதற்கு அப்புறம்தான் வந்தது. படித்துவிட்டு, திரும்ப எடுத்து வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அது வெறும் அறை. மேலண்டைச் சுவரில் ஒரு ஜன்னல் மட்டும் வைத்திருக்கிறேன், சாயங்கால வெயில் வரும். அங்கே என்ன வைப்பது என்று நீ வந்து சொல். நாளாகட்டும், பரவாயில்லை.

உன்
கண்ணு