வெயிலில் ஓடிய படம்

அக்கா,

போன கிழமை என் லப்டொப்பின் திரை கறுத்துப்போனது. உள்ளே எல்லாம் ஓடுகிற சத்தம் கேட்கிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. கடைக்குக் கொண்டுபோக மனமில்லை. மேசையில் துவாயை விரித்து, திருகாணிகளைக் கழற்றி, விளிம்பை நகத்தால் நெம்பினேன். உள்ளேயிருந்த வெள்ளைத் தாள் வழுக்கி மடியில் விழுந்தது. அவ்வளவுதான், என் இடது கன்னம் சுரீரென்று எரிந்தது. நீங்கள் அறைந்த கன்னம்.

உங்களைப்போல ஒரு கோபக்காரியை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. உருத்திரபுரத்து வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த உங்கள் மகனுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த அன்று, நிறுத்தாமல் போன உழவு இயந்திரக்காரனைக் கல்லால் எறிந்து மண்டையை உடைத்தீர்கள். பிறகு பிள்ளையை அதிலேயே ஏற்றி, இரத்தம் வழிய வழிய அவனையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டவைத்தீர்கள். பிள்ளையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே பிய்ந்து தொங்கியது. அவனை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். வன்னியை விட்டு வெளியே போக உங்களுக்குப் பாஸ் கொடுக்கவில்லை. லண்டனிலிருந்து வந்த உங்கள் தம்பி பொறுப்பெடுத்துத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு உங்களுக்கு வந்ததெல்லாம் போட்டோக்கள். பிறந்தநாள் போட்டோ, பள்ளிக்கூடப் போட்டோ, பனியில் நின்ற போட்டோ. எல்லாவற்றிலும் பிள்ளை இடுப்போடு முடிந்துபோனான்.

"கால் எங்கையடி? வெட்டிப்போட்டாங்கள். வெட்டிப்போட்டு, பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டுறாங்கள்!" என்று அவற்றைத் தூக்கி எறிவீர்கள். பிறகு நீங்களே பொறுக்கிச் சேலைத் தலைப்பால் துடைப்பீர்கள். புதுக்குடியிருப்பில் இடம்பெயர்ந்து இருந்த எங்கள் இரண்டு கொட்டில்களுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான் இருந்தது. நீங்கள் ஏசுவதும் கேட்கும், அழுவதும் கேட்கும்.

நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பிக்கு நான்தான் எழுதினேன். "பிள்ளை நடக்கிறதைக் காட்டு. இல்லாட்டி எனக்குத் தம்பியெண்டு ஒருத்தன் இல்லை." ஒரு வார்த்தையைக்கூட மெதுவாக்க நீங்கள் விடவில்லை. கனநாள் கழித்து ஒரு சீடி வந்தது.

சீடியைப் போட்டுப் பார்க்க எங்களிடம் என்ன இருந்தது? நான் தட்டச்சு வேலை செய்த தொண்டு நிறுவனத்தில் ஒரு லப்டொப் கிடந்தது. குண்டு விழுந்த அதிர்வில் மேசையால் விழுந்து, திரைக்குப் பின்னாலிருந்த விளக்குச் செத்துப்போனது. வேறு விளக்கு கொழும்பிலிருந்து வரவேண்டும், வவுனியாச் சோதனைச் சாவடியில் மறித்துவிடுவார்கள் என்று மூலையில் போட்டுவிட்டார்கள். அதையும், அதை ஓட்ட ஒரு வாகனப் பற்றரியையும் கேட்டு வாங்கி வந்தேன்.

"விளக்குத்தானே செத்தது?" என்றீர்கள். "மேலை ஒண்டு எரியுது. அதை எவன் மறிக்கிறான் பாப்பம்."

மீன் வெட்டுகிற கத்தியும் ஒரு குறடும்தான் எங்கள் சாமான். ஆணிகள் அசையவில்லை. மூடியை உடைத்தே பிளந்தீர்கள். உங்கள் விரல் வெட்டுப்பட்டு இரத்தம் ஒழுகியது.

"திரையிலை ஒரு கீறல் விழுந்தாலும் எல்லாம் போச்சு, அக்கா!"

"வாயைப் பொத்திக்கொண்டு பிடி."

திரைக்குப் பின்னால் வெளிச்சத்தை மறித்திருந்த வெள்ளைத் தாளை உரித்தெடுத்ததும் திரை கறுப்புக் கண்ணாடிபோல ஆனது. காலை வெயிலுக்கு நேரே வேலிக் கதியாலில் கட்டினோம். நீங்கள் இந்தப் பக்கம் குந்தியிருந்து தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டீர்கள். வெயில் திரைக்குள்ளால் வந்தது. உங்கள் பிள்ளை ஒரு சோபாவில் இருந்தான். "அம்மா, சுகமா இருக்கிறீங்களோ?" என்றான். நீங்கள் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தீர்கள்.

அப்போதுதான் வானத்தில் கிபிர் விமானம் இரைந்தது.

"அக்கா, வாங்கோ! பங்கருக்கை வாங்கோ!"

"அவன் இன்னும் எழும்பேல்லையடி!"

மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் ஏது வெயில்? நான் சாக்கைப் பிடித்து இழுத்தேன். திரும்பி விட்டீர்கள் ஒரு அறை. கண் இருண்டது. என் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போய்ப் பங்கர் வாசலில் தள்ளினீர்கள். "நீ செத்தா உன்ர கொம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது? கிட அதுக்கை! நான் என்ர பிள்ளையைப் பாத்திட்டு வாறன்."

இருட்டுக்குள் கிடந்தேன். மேலே உங்கள் குரல் கேட்டது. "எழும்பிட்டான்! நடக்கிறானடி! ரெண்டு காலாலையும் நடக்கிறான்! என்ர ராசா!" சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் கேட்டதேயில்லை, அக்கா.

பிறகு நிலம் துள்ளியது.

வெளியே வந்தபோது வேலி இல்லை, கொட்டில்கள் இல்லை. உங்களைக் கூட்டி அள்ளினோம். அதற்கு மேல் எழுத என்னால் ஏலாது. திரையின் சிதறல்கள் உங்கள் உள்ளங்கையில் ஏறியிருந்தன. ஒருவரும் பிடுங்கவில்லை, அப்படியே எரித்தோம்.

போன ஆவணியில் உங்கள் மகன் என்னைத் தேடி வந்தான். உங்கள் மூக்கு, உங்கள் முழி. கதிரையில் இருந்து, நீளக் காற்சட்டையை மெல்ல மேலே இழுத்தான். வலது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்.

"லண்டனுக்குப் போன உடனை எடுத்துப்போட்டினம், அன்ரி. அம்மா தாங்கமாட்டா எண்டு மாமா சொல்லேல்லை. வீடியோவுக்கு நீளக் காற்சட்டை போட்டுவிட்டவர். விழுந்து விழுந்து, கடைசியாத்தான் நேரா நடந்தனான். அம்மா பாத்தவாவோ?"

"ஓம் தம்பி, பாத்தவா. ரெண்டு காலாலையும் நடக்கிறான் எண்டு சிரிச்சவா."

அவன் அந்தப் பொய்க்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

உங்கள் தம்பியை அந்த நேரம் கண்டிருந்தால் கல்லெடுத்திருப்பேன். இப்போது, அந்த ஆளைக் கும்பிட வேண்டும்போல இருக்கிறது. உங்களை ஒருத்தரும் பேய்க்காட்டேலாது என்பீர்களே. பேய்க்காட்டிப்போட்டாங்கள், அக்கா. நல்லாய்ப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்.

வெள்ளைத் தாளைத் திரும்ப உள்ளே வைத்துத் திரையை மூடினேன். கன்னம் இன்னும் எரிகிறது. எரியட்டும், அதில்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.