ஒரு கையால் நகர்த்திய அறை

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். இது கடிதத்துக்காக எழுதுகிற சுகம் இல்லை, நிஜமாகவே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அவ்வளவு தூரத்தில் நோய்நொடி இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்காகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நான் சுற்றி வளைப்பேன், நீயும் உடனே "பரவாயில்லப்பா, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாய். விட்டுவிடக்கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன பிறகு நீ வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போனாயே, போய் இரண்டாம் மாதம் உங்கள் பட்டறையில் செய்த சாமான்களைத் தட்டையாக அடுக்கி இரண்டு பெரிய பார்சலாக அனுப்பினாய். பத்து நாள் கழித்து "மாட்டிட்டீங்களாப்பா, அம்மாவுக்கு சௌகரியமா இருக்கா" என்று கேட்டாய். நானும் "மாட்டியாச்சும்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அத்தனையும் பொய். பார்சல் கதவுக்குப் பின்னால், பழைய போர்வையை மூடிக்கொண்டு நான்கு மாதம் நின்றது. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் போனை அம்மா மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டேன், அறை தெரியாதபடி. அம்மா என்னை ஒரு மாதிரி பார்ப்பாள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்றால், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ அந்தப் பட்டறையில் சேர்ந்த அன்றைக்கு வாசலில் நின்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "வைக்கோலையும் பழைய பேப்பரையும் ஒட்டிப் பெட்டி செய்யவா உன்னை இவ்வளவு படிக்க வச்சேன்" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். முப்பத்திரண்டு வருஷம் பஸ் பணிமனையில் இரும்போடு இரும்பாகக் கிடந்தவன் நான், கனம் இல்லாத பொருளை மதிக்க எனக்குத் தெரியவில்லை. பார்சலைப் பிரித்தால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமோ என்ற பயமும் உள்ளுக்குள் இருந்திருக்கிறது, இப்போது யோசித்தால் தெரிகிறது.

அப்புறம் பழைய வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார், பதினெட்டு வருஷம் இருந்த வீட்டைக் காலி செய்தோம், அது உனக்குத் தெரியும். மாறின அன்றைக்கு நடந்ததை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை. இந்த வீடு இரண்டாவது மாடி, இரண்டே அறை, படிக்கட்டு ஒரு ஆள் அகலம், நடுவில் ஒரு திருப்பம். பீரோ எப்படியோ சுவரைச் சுரண்டிக்கொண்டு ஏறிவிட்டது. நம் தேக்குக் கட்டில் அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சாமான் தூக்க வந்த நான்கு பேரும் அதை நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள், காலைக் கழற்றலாம் என்றால் அந்தக் காலத்து வேலை, அசையவில்லை. மூன்று மணி நேரம். அம்மா கீழே தெருவோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, ஒண்ணு படிக்கட்டை இடிக்கணும், இல்ல கட்டிலை அறுக்கணும். எதுன்னு சொல்லுங்க" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பேச்சு அப்போது சரியாக வராது, கையை மட்டும் அசைத்தாள், விடுங்கள் என்பது மாதிரி. கட்டிலை அறுத்துக் கீழே இறக்கி வண்டிக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போகிற போக்கில் அந்த மூத்தவர் உன்னுடைய இரண்டு பார்சலையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு ஒரே நடையில் மாடிக்கு ஏறினார். வைத்துவிட்டு, "உள்ள என்னங்க இருக்கு, பஞ்சா" என்று கேட்டார். நான் கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாவைத் தரையில் படுக்க வைத்தால் எழுப்ப முடியாது. வேறு வழி இல்லாமல்தான் பார்சலைப் பிரித்தேன், உன் மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். எட்டுப் பெட்டிகளுக்கான பலகை, நான்கு நீளப் பலகை, பலகைகளைக் கோக்க ஒரு பை நிறைய மூங்கில் முளை. ஆணி இல்லை, திருகு இல்லை, நெடி அடிக்கிற பசை இல்லை. பலகையைத் தட்டிப் பார்த்தேன், கத்தியால் ஓரத்தைக் கீறிப் பார்த்தேன். நீ அனுப்பின படத்தாளைப் பார்க்காமல் என் போக்கில் மாட்டினேன், முதல் பெட்டியே வாய் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவதையும் அப்படியே செய்தேன். அம்மா நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்து, "படத்தைப் பார்த்து மாட்டுங்க. இது பஸ்ஸு இல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். விழுந்த நாளில் இருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, இருந்தாலும் அவள் சிரிப்புதான்.

நான்காவது பெட்டியைக் கவிழ்த்தபோது அடியில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "அம்மா முழங்கால் உயரம்" என்று எழுதி அளவும் போட்டிருந்தாய். எங்களோடு இருந்தபோது நீ ஒருநாள் டேப்பை வைத்து அம்மா காலை அளந்துகொண்டிருந்தாய், ஏதோ துணி தைக்க என்று நினைத்தேன். பழைய கட்டிலில் அவள் உட்கார்ந்தால் பாதம் தரைக்கு எட்டாது, எழுந்திருக்க வேண்டும் என்றால் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை, இருபது நாள் இருந்துவிட்டுப் போன உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு பெட்டியைச் சேர்த்து மேலே பலகையைப் போட்டதும் கட்டிலாகிவிட்டது. அம்மாவைப் படுக்க வைக்கும் முன் நானே உட்கார்ந்து பார்த்தேன், முட்டை மேல் உட்காருவது மாதிரி மெதுவாக. அப்புறம் ஏறி நின்றேன். அதுவும் போதாது என்று கீழ்வீட்டில் இருக்கும் நர்ஸம்மாவின் கணவரைக் கூப்பிட்டேன், அவர் ஆள் வாட்டசாட்டம், அவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரு முனகல் இல்லை. மறுநாள் காலையில் அம்மா தானாகக் கால் ஊன்றி, தானாக எழுந்து நின்றாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன், திரும்பினால் பின்னால் நிற்கிறாள்.

இனிமேல்தான் முக்கியமானது. வீடு மாறி இரண்டு மாதம் கழித்து ஒருநாள் முற்பகல் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து படியேறும்போது மேலே எதையோ இழுக்கிற சத்தம். இழுபடும், நிற்கும், மறுபடி இழுபடும். அவள் விழுந்து தவழ்கிறாள் என்று நினைத்துவிட்டேன். என் முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, ஓடி ஏறிக் கதவைத் திறந்தால் வேறு யார் வீட்டுக்குள்ளோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. சுவரோரம் அலமாரியாக நிமிர்த்தி வைத்திருந்த மீதிப் பெட்டி இரண்டும் ஜன்னலுக்குக் கீழே வந்திருந்தன, மேலே நீளப் பலகை ஏறி மேசையாகியிருந்தது. கட்டிலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெஞ்சாக அந்த மேசைக்கு முன்னால் போட்டிருந்தாள். அவள் அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை. முளைகளை வலது கையால் பிடுங்கி, பெட்டியை இடுப்பால் தள்ளி, சுவரில் முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றாக நகர்த்தியிருக்கிறாள். எனக்கு வந்த பயத்தில் கத்திவிட்டேன். "விழுந்து கிழுந்து வச்சா யாரு பார்க்கிறது, நான் வந்து செய்ய மாட்டேனா" என்றேன். அவள் ஜன்னலை விட்டுத் திரும்பாமலே, "எட்டு மாசமா நீங்க வச்ச இடத்துலயே இருக்கேன். நான் என்ன பீரோவா" என்றாள். நான் வெளியே போய்ப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டில் கனமாக இருந்தது, பீரோ கனமாக இருந்தது, அதையெல்லாம் விடக் கனமாக நான்தான் அவள் மேல் இருந்திருக்கிறேன். அன்போடுதான் செய்தேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் கை எட்டும் தூரத்தில் அவளால் மாற்ற முடிந்த பொருள் ஒன்றுகூட அந்தப் பழைய வீட்டில் இல்லை என்பது உன் பெட்டி வரும்வரை எனக்கு உறைக்கவில்லை.

அந்த மேசையில் இப்போது அவள் மறுபடி தைக்கிறாள். மெஷினை மிதிக்கக் கால் இன்னும் ஒத்துழைக்கவில்லை, கைத்தையல்தான். துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வலது கையால் வெட்டுகிறாள், ஊசியில் நூல் கோக்க மட்டும் நான். கீழ்வீட்டு நர்ஸம்மா தன் யூனிபாரத்துக்குப் பட்டன் வைக்கக் கொடுத்தார், பிறகு அவருடன் வேலை செய்கிற மூன்று பேர் கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண், போன வாரம் அம்மாவின் இடது கை விரல் துணியை லேசாகப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதை நான் சொல்லிக் குடுக்கவே இல்லையே" என்று சொல்லி அந்த விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இதற்கெல்லாம் உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்கிற பழக்கம் நமக்கு இல்லை, அதனால் வார்த்தை கூசுகிறது. வாசலில் நின்று நான் சொன்ன அந்த ஒரு பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது ஃபிட்டராகக் கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீடு துடைக்கிற தண்ணீர் பட்டு இரண்டு பெட்டியின் அடி ஓரம் ஊறிவிட்டது, அடியில் விரல் கனத்துக்கு மூங்கில் பட்டை கொடுத்தால் நிற்கும். இதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல, அம்மா "ஊறினா என்ன, இத்துப்போனா செடிக்கு உரமாப் போட்டுடலாம்னு அவ சொல்லியிருக்காளே, உங்க பீரோவை எந்தச் செடிக்குப் போடுவீங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். அம்மாவுக்கு வேறு ஒரு குறை உண்டு. பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முளையை அழுத்த வேண்டியிருக்கிறது. "ரெண்டு கையும் இருக்கிறவங்களை நினைச்சே செஞ்சிருக்கா, அவகிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்வதோடு விடவில்லை. நான் முளையின் முனையை அரத்தால் சீவி, துளையின் வாயைக் கொஞ்சம் அகலமாக்கினேன், பெட்டியைப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலே முளை தானாக வழி கண்டுபிடித்து இறங்குகிறது. கழற்றுவதற்கு அவள் ஒவ்வொரு முளையின் தலையிலும் துணிநாடா வளையம் தைத்துவிட்டாள், ஒரு விரலை விட்டு இழுத்தால் வந்துவிடும். ஒரு முளையும், அளவு போட்ட படமும் இதோடு வைத்திருக்கிறேன். உன் பட்டறையில் காட்டு. சரிப்பட்டால் செய்யச் சொல், ஒரு கையோடு வாழ்கிறவர்கள் எத்தனை வீட்டில் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று, கேட்டுப் பதறாதே. இந்த வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு வருகிறானாம், இரண்டு மாதத்தில் மாடியைக் காலி செய்து தரச் சொல்லிவிட்டார். கீழே கேட்டுவிட்டு மேலே வந்த நான் இரண்டு நாள் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. தெருவோரத்தில் அவள் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம்தான் கண் முன்னால் நின்றது. மூன்றாம் நாள் அவள் பட்டன் வைத்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சரி. இந்த ஜன்னல் மேற்கே பார்க்குது, மத்தியானத்துக்கு மேல கண்ணு கூசுது" என்றாள். பிறகு, "கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க பார்த்து வச்ச வீட்டுலயே இருந்தாச்சு. இந்தத் தடவை நானும் பார்க்க வர்றேன்" என்றாள். நேற்றுக் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்தாள். மூன்று வீடு பார்த்தோம். எனக்கு முதல் வீடே போதும் என்று தோன்றியது. அவள் ஒவ்வொரு வீட்டிலும் நேராக ஜன்னலுக்குப் போய், சுவரைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாளைக்கும் போகிறோம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசி என்றைக்கும் உண்டு. எடுத்த வேலையில் பேரெடுத்து, நல்ல உடம்போடு நீண்ட நாள் வாழ வேண்டும். அறுக்கிற வேலையில் நிற்கும்போது மூக்கை மூடிக்கொள், தூசி நுரையீரலில் தங்கிவிடும். ஏதாவது அனுப்புவதாக இருந்தால் எங்கள் பேருக்கு அனுப்பாதே, நாங்கள் மாறியிருப்போம், கீழ்வீட்டு நர்ஸம்மா பேருக்கு அனுப்பு.

அம்மா இப்போது போனைத் தன் கையாலேயே பிடித்துக்கொள்கிறாள். அடுத்த தடவை கூப்பிடும்போது அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேள், காட்டுவாள்.

உன் மேல் பிரியமுள்ள,
அப்பா