ஒரே பூசையில் இரண்டு பெயர்கள்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் அழுகின கடல்பாசி நாற்றம் உள்ளே வந்தது. இரண்டு நாளாகப் பயமுறுத்திய புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டதாம். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டம்மா, "மாதா நம்மள கைவுடல" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள், உன் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அப்படியானால் ஆந்திராக்காரர்களை மட்டும் கைவிட்டுவிட்டாளா? நீ இருந்திருந்தால் அவளை அங்கேயே நிற்க வைத்துக் கேட்டிருப்பாய்.

சுனாமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. கிறிஸ்துமஸுக்கு அசோக் நகரில் என் அம்மா வீட்டுக்குப் போன என் பையன் அங்கேயே தங்கிவிட்டான், பிழைத்தான். தினமும் அவனோடு மணலில் விளையாடிய உன் மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் என்ன செய்தேன்? ஓடிப்போய் நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்தேன். நீயும் அதே பூசைக்குத்தான் மகள் பெயரைக் கொடுத்திருந்தாய்; விசாரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாமியார் என் பையன் பெயரைச் சொல்லி, அவனைக் கடவுள் காப்பாற்றியதற்கு நன்றியாக என்று வாசித்தார். அதே மூச்சில் உன் மகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றார். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

வெளியே வந்ததும் கேட்டாய்: "உம் புள்ளைய பார்த்துக்கினவரு எம் பொண்ண ஏன்டி பார்க்கல?"

"எல்லாம் கடவுள் சித்தம்" என்றேன். பாவி நான். என் பையனைப் பறிகொடுத்திருந்தால், அந்த வார்த்தையைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அறைந்திருப்பேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

ஆனால் கோயிலை நீ விடவில்லை. மீன் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாய். மண்டியிட மாட்டாய், ஜெபம் சொல்ல மாட்டாய். பிறகு எதற்குத்தான் வருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"சண்ட போடத்தான். வூட்ல குந்திக்கினு திட்னா அவருக்கு எப்டி கேக்கும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. கடவுள் சித்தம் என்று சொன்னதற்கு உன்னிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சின்னச் சின்னப் பொய்களைக்கூட ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. நான் சொன்னது பொய் என்றால் அந்த அலை யாருடைய சித்தம்? உண்மை என்றால் அந்தக் கடவுளை எப்படி நான் அப்பா என்று கூப்பிடுவேன்? யோசித்து யோசித்துத் தலைதான் வலிக்கிறது.

இப்போதெல்லாம் கடைசி பெஞ்சில் நான்தான் உட்காருகிறேன். ஜெபமாலை பையிலேயே கிடக்கிறது. "அவ கேட்டதுக்கு இன்னா பதிலு?" என்கிறேன். பதில் வரவில்லை. நானும் எழுந்து போவதாக இல்லை.