நட்டத்திலும் பங்கு

இதை எழுதும் மேசைக்குப் பின்னால் நெத்திலி மூட்டை வாய் அவிழ்ந்து கிடக்கிறது. மிச்சச் சரக்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க முந்தாநாள் அவிழ்த்தேன். அதிலிருந்து வீடு முழுக்க அந்த வாடைதான், பிள்ளையின் தலையணை வரை ஏறிவிட்டது. பாலத்தைத் தாண்டி பாசிர் பெனம்பாங்குக்குக் கருவாடு வாங்கப் போனபோதெல்லாம் நீ தலைத்துணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "காசு போட்டவளுக்கு இந்த வாடையிலயும் பங்காடி?" என்று கேட்பாயே, அந்தக் குரல் மூட்டைக்குள் இருந்து வந்ததுபோல இருந்தது. நிறுப்பதை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் பேச்சு உனக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லுக்கும் அனுமதி கேட்பார்.

"ஏம்மா, அவ உங்க சம்பல் பிஸ்னஸ்ல போட்ட பங்கு இருக்குல்ல. போட்டவங்க மவுத்தாயிட்டா அந்த ஒப்பந்தமும் முடிஞ்சிரும்னு உஸ்தாது சொன்னாரு. கணக்குப் பார்த்து மிச்சம் இருக்கறத வாரிசுங்களுக்குப் பிரிக்கணும். அவசரம் இல்லம்மா."

மிச்சம் இருப்பதை என்றுதான் சொன்னார். ஆனால் எனக்கு உன் மகளின் முகம்தான் வந்து நின்றது. அம்மா இல்லாத பிள்ளையின் பணம். அதில் ஒரு வெள்ளி குறைந்தது என்று எந்த வாயால் சொல்வது? குறைந்துதான் இருந்தது. பெருநாளுக்கு என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சம்பல் கிண்டி வைத்திருந்தேன். பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடைக்காரர் கடையையே மூடிவிட்டார். அதே சமயம் உனக்கு டெங்கிக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களில் பாட்டில்களின் தேதி கடந்து, அத்தனையும் குப்பைக்குப் போயின.

நாம் இருவரும் ஷா ஆலாமில் படித்தபோது இஸ்லாமியப் பொருளியல் வகுப்பில் நான் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அதை எடுத்தால் வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்காது, சீக்கிரம் பஸ் ஏறலாம் என்பதுதான். வகுப்பில் பொட்டு வைத்தவள் நான் ஒருத்தி. முடிவு வந்தபோது எனக்கு ஏ, உனக்கு பி. "இவ ஏ வாங்குறா, நான் பி. எங்கத்தாகிட்ட இத எப்படிச் சொல்றது!" என்று கேன்டீனில் தலையில் அடித்துக்கொண்டாய். வட்டி ஏன் கூடாது, பணம் கொடுத்தவர் ஆபத்தில் சேராமல் ஆதாயத்தில் மட்டும் சேர்வது ஏன் அநியாயம், செல்வம் ஒரே இடத்தில் தேங்காமல் இல்லாதவர் கைக்குப் போய்ச் சேர என்னென்ன வழிகள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எழுதியது ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிள்ளை பிறந்ததும் ரவாங் டவுனில் பார்த்துவந்த வேலையை விட்டேன். நர்சரிக்கும் பெட்ரோலுக்கும் கொடுத்த பிறகு சம்பளத்தில் நிற்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டும் சம்பளத்தில் மாதம் ஓடியது, ஆனால் எனக்குத்தான் தெரியுமே என்னை. பிள்ளை ஒரு தடவை இருமினால் என் மனம் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போய் வந்துவிடும். அவர் வண்டி வர அரை மணி தாமதமானால் நான் விதவையாகிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் மிளகாய் அரைத்து நெத்திலி சம்பல் கிண்டி விற்கத் தொடங்கினேன். கேட்பவர்கள் கூடினார்கள், பெரிய அடுப்பும் பாட்டில்களும் வாங்கக் காசு இல்லை. பேங்கில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். எங்கள் வீட்டு வரிசையில் மோட்டார் சைக்கிளில் வந்து கடன் கொடுப்பவனின் அட்டை வாசல் கம்பியில் செருகியே இருந்தது. அதை எடுக்கும் முன் உன்னிடம் கேட்டேன்.

"கடனா தரமாட்டேன்," என்றாய்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"மூஞ்ச தூக்காத. கடனா கொடுத்தா நீ தூங்கமாட்டே, எனக்குத் தெரியாதா உன்ன? பங்கா போடறேன். காசு என்னுது, உழைப்பு உன்னுது. லாபம் வந்தா பத்துல ஆறு உனக்கு, நாலு எனக்கு. நட்டம் வந்தா என் காசு போச்சு, உன் உழைப்பு போச்சு. நீ கவனமா இருந்தும் போனா, அதை நீ எனக்குத் திருப்பித் தர வேணாம்."

"நட்டம் வந்தா நான் எப்படி உன் மூஞ்சில முழிக்கறது?"

"கண்ண தொறந்து முழி. எல்லாரும் அப்படித்தான் முழிக்கறாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் உடன்பட்டது என் வாய்தான். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வட்டிக்காரர் நிற்பார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சம்பளத்தைக் கையில் வைத்ததும் அப்பா முதலில் நடப்பது அவரிடம்தான். அதற்குப் பிறகுதான் கடை, அதற்குப் பிறகுதான் வீடு. "வாங்குன காசுக்குத் தேதி தவறுனா நம்ம பேரு போச்சு," என்பார். எங்கள் லயத்து வீடுகளில் நல்ல குடும்பம் என்றால் அதுதான் பொருள். அந்த வீட்டில் வளர்ந்தவள் கையில் பங்குப் பணம் வந்தாலும் அவள் அதைக் கடனாகத்தான் வைத்துக்கொள்வாள்.

அதனால் மாதம் தவறாமல் உனக்கு ஒரே தொகையை உறையில் போட்டுக் கொடுத்தேன். நன்றாக விற்ற மாதமும் அதே, விற்காத மாதமும் அதே. குறைந்ததை வீட்டுச் செலவில் பிடித்து நிரப்பினேன். நாணயமாக நடக்கிறோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்த மழை மாதத்தில் நீ சொல்லாமல் வந்தாய். பின்பக்கம் நான் பூசணம் பிடித்த நெத்திலியைக் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாய். தேநீர் குடித்தாய், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாய். கிளம்பும்போது நான் உறையை நீட்டினேன். அங்கேயே பிரித்துப் பார்த்தாய்.

"இது என்னடி?"

"இந்த மாச லாபம்."

"போன மாசமும் இதே. அதுக்கு முந்தியும் இதே. லாபம்னா என்ன, கவர்மெண்ட் சம்பளமா? அங்க கூடை கூடையா கொட்டிக்கிட்டு இருக்கே, எங்கேர்ந்து வந்துச்சு இது?"

நீ வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"எனக்கு வட்டி கொடுத்திருக்கே. இத்தன மாசமா நான் வட்டி தின்னுருக்கேன்டி. பால் பவுடர் காசுலேர்ந்து எடுத்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நீ அழுதாய். கோபத்தில்தான் அழுகிறாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏ வாங்குன மூஞ்சியப் பாரு," என்றதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"நட்டம் போயிருச்சுக்கா," என்றாய் நீ.

அதற்குப் பிறகு மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்தோம். அதுவரை உறைகளில் வாங்கியதில் லாபமாக நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாய். நட்டம் வந்த மாதத்தை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். முதல் தடவை நான் கணக்கு நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். நீ முறுக்கைக் கடித்தபடி காத்திருந்தாய். "பாவ புண்ணியத்த விடு," என்றாய். "நீ நட்டத்த மறைச்சா, நான் உன்கூட நிக்கவே முடியாது. உனக்கு மேலதான் நிக்க முடியும்." சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. ஏன் நட்டம் என்று கேட்டாய். ஈரம் என்றேன். மழை மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கத் தொடங்கினோம். அடுத்த பருவத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தலை கிள்ளும் வேலை கொடுக்க முடிந்தது. பாடப் புத்தகத்தில் சமூக நலன் என்று நான் கோடு போட்டுப் படித்தது அந்த அக்காவின் கை நிறைய நெத்திலித் தலையாக எங்கள் முற்றத்தில் கிடந்தது.

இத்தனையும் தெரிந்தும், உன் வீட்டுக்காரர் போன் வைத்ததும் நான் மறுபடி என் அப்பாவின் மகளாகிவிட்டேன்.

"நீ முழுசா கொடுக்கப் போறியா? சரக்கே அவ்வளவு இல்லயே," என்றார் என் வீட்டுக்காரர்.

"அம்மா இல்லாத புள்ள."

"அது சரிலா. இல்லாத காச எங்கேர்ந்து எடுப்பே?"

நேற்றுக் காலை வளையலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பிள்ளையோடு டவுனுக்குப் போனேன். அர்-ரஹ்னு கடைக்குத்தான். நகையை அடகு வைத்தால் வட்டி கிடையாது, பத்திரமாக வைத்திருக்கும் கூலி மட்டும்தான் என்று நீயே ஒருமுறை என்னை அனுப்பிய கடை. எண் வந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் வளையலை உரசிப் பார்த்து, எடை போட்டு, சிரித்த முகத்தோடு, "உந்தோக் அபா, காக்?" என்றாள். எதற்காக அக்கா என்று வழக்கமாகக் கேட்பதுதான். பள்ளிச் செலவா, மருத்துவமா, வியாபாரமா?

வியாபாரம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய். வியாபாரத்துக்கு இந்தப் பணம் வேண்டியதில்லை. உன் பங்கு குறையவே இல்லை என்று உன் மகளிடம் காட்டுவதற்காக. அதாவது, வராத லாபத்தை வந்ததாகக் காட்டுவதற்காக. வட்டி இல்லாத கடையில் நின்றுகொண்டு, உன் பிள்ளைக்கு வட்டி கொடுக்கப் பணம் கேட்கிறேன். பிள்ளை பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர் இருமினார். அந்தப் பெண் நான் நகையை நினைத்துத் தயங்குகிறேன் என்று எண்ணியிருப்பாள். "தாக் அபா, காக்," பரவாயில்லை என்று சொல்லி வளையலை என் பக்கம் தள்ளினாள். கைப்பையில் போடவில்லை, கையிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்று மாலை உன் வீட்டுக்காரர் வந்தார். உன் மகள் உன்னைப் போலவே வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள், உள்ளே வந்து என் மகளோடு விளையாடப் போய்விட்டாள். அவர் மைலோக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். நான் உறையை மேசைமேல் வைத்தேன்.

"லாபமாம்மா, நட்டமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நட்டம்ணே. அவங்க போட்டதுல கால்வாசிக்கு மேல போயிருச்சு. மிச்சம் இதுதான்."

அவர் உறையைப் பிரிக்கவில்லை.

"ஏன் நட்டம்?"

கடை மூடியதைச் சொன்னேன். ஒரே கடையை நம்பி இரட்டிப்பாகக் கிண்டியது என் கணிப்புப் பிசகு என்பதையும் சொன்னேன். கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார். "முழுசா கொடுத்திருந்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிருப்பேன்மா. அவ காசு எது, உங்க வீட்டுக் காசு எதுன்னு தெரியாமலே என் மக தின்னுருப்பா." அவ்வளவுதான். வருத்தம் இருந்தது அவர் முகத்தில், மறைக்கவில்லை. எனக்கும் இருந்தது. கால்வாசி என்பது சின்னத் தொகை இல்லை. இருந்தும் எங்கள் இருவருக்கும் நடுவில் தலை குனிய ஒன்றும் இல்லை.

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். நாளைக்குக் காலையில் பிள்ளை தும்மினாலும் பயப்படுவேன். ஆனால் பயத்தோடேயே உண்மையை எடுத்து மேசைமேல் வைக்க முடிகிறது. உன்னிடமிருந்து என்னிடம் நின்றுவிட்டது அதுதான். அதற்கு வாரிசுப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வாசல் வரை போனவர் செருப்பை மாட்டாமல் நின்றார்.

"என் பங்குக்கு வர்றத மட்டும் மறுபடி இதுலயே போடலாமான்னு யோசிக்கறேன். மகளோடத தொடமாட்டேன். யோசிச்சுட்டுச் சொல்றேன்மா."

"யோசிக்கறதுக்கு முன்னாடி நட்டமான மாசத்த எல்லாம் கேட்டுருங்கண்ணே. ஒண்ணு ரெண்டு இல்ல."

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். உன்னவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் முதல் மழை மாதத்திலிருந்து தொடங்கினேன்.