யோலாவோடு வரும் சட்டை

என் செல்ல எதிரிக்கு,

உங்கள் ரோட்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் குரங்கு வகைகள் அதிகம் என்று போனில் அலட்டிக்கொண்டாயே, எங்கள் ஆண்ட்வெர்ப் கொரில்லாக்களின் அழகு வருமா? வராது. அதனால்தானோ என்னவோ, எந்த விலங்கு எந்தக் காட்சிசாலைக்கு என்று முடிவுசெய்யும் இனப்பெருக்கக் குழு எங்கள் கொரில்லா யோலாவை உங்களுக்கே ஒதுக்கிவிட்டது. திங்களன்று வருகிறாள்.

"நீ வளத்ததெல்லாம் அங்கேயே ஓடுதே!" என்று கூட வேலைபார்க்கும் யோரிஸ் சீண்டுகிறான்.

"ஓடட்டும்டா, எம்பொண்ணுதானே பாத்துக்கப்போறா."

யோலாவுக்கு மழைச் சத்தம் பயம். புது இடத்தில் தூங்க, பழகிய வாசனை வேண்டும். அவள் பயணக் கூண்டில் என் அழுக்குச் சட்டையை வைக்கிறேன்.

அங்கே போனதிலிருந்து உனக்கும் தூக்கமில்லை என்றாய். தனிப் பையில் என் நீலக் கட்டம்போட்ட சட்டை இருக்கிறது, சின்ன வயதில் நீ கட்டிக்கொண்டு தூங்கியது.

அதையும் துவைக்கவில்லை.

இப்படிக்கு,
எதிரணி அப்பா