ரத்னாவுக்கு நிறுத்திய களி

ஜூலை 4, வெள்ளி

தூறல். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஓசூரிலிருந்து ரத்னாவோடு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு. அத்திப்பள்ளியில் வழக்கமான நெரிசல். ஸ்கேனில் மறுபடி ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தில் கால்சியம் மட்டும் ஏறியே இருக்கிறது. கழுத்தில் பாராதைராய்டு என்று, கால்சியத்தைக் கவனிக்கிற குட்டிச் சுரப்பிகள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அதில் ஒரு கட்டி எடுத்தார்கள். இப்போது இன்னொன்று. எங்கே என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்கிறார் டாக்டரம்மா. நியாயம்தான். அதற்குள் இவள் எலும்பு கரைகிறதே!

கம்பெனியில் சோப்பு நுரை தடவி லீக் கண்டுபிடிக்கிறவன் நான். பஸ்ஸில் என் தோளில் தூங்குகிறவளின் கழுத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். பினாயில், கேஸ் புக்கிங், வலி மாத்திரை. ராகி மாவு டப்பாவைக் கீழ் வீட்டு மஞ்சுளாக்காவிடம் கொடுத்தாயிற்று. ராகியில் கால்சியம் அதிகம் என்று கேன்டீனில் சொன்னார்கள். அன்றோடு வீட்டில் களி கிடையாது, பால் கிடையாது. நான் தூத்துக்குடிக்காரன், எனக்கென்ன நஷ்டம். இவள் அஞ்செட்டிக்காரி, களி தின்றே வளர்ந்தவள்.

"வாசனையாச்சும் புடிச்சிட்டு வரேங்க" என்று கீழே போய் உட்கார்ந்திருக்கிறாள். பாவம்.

ஜூலை 11, வெள்ளி

வேறு ஸ்கேன், மருந்து ஏற்றி. கிடைத்துவிட்டது! கழுத்திலேயே இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு சுரப்பி அங்கே இறங்கியிருக்குமாம்.

"அங்க போயி குந்திக்கினு இருந்துச்சா?" ரத்னா சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

களி நிறுத்தியதைப் பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாருங்க நிறுத்தச் சொன்னது? கட்டி எலும்புல இருந்து கால்சியத்த உருவுது. சாப்பாட்டையும் நிறுத்துனா எலும்பு தாங்குமா?"

ரத்னா என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆபரேஷனுக்காக இன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 16, புதன்

மழை. ஆபரேஷன். கட்டியை எடுத்ததும் அங்கேயே ரத்தம் பார்ப்பார்கள். கட்டி சுரக்கிற ஹார்மோன் இறங்கினால்தான் சரியான கட்டியை எடுத்ததாக அர்த்தம். வாங்கிய காபி குடிக்காமலே ஆறிப்போனது. நர்ஸ் வந்து கன்னடத்தில் ஏதோ படபடவென்று. என் முழியைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே இறக்கிக் காட்டிச் சிரித்தாள். இறங்கிவிட்டது. அங்கேயே அழுதேன், வெட்கமில்லாமல்.

ஜூலை 17, வியாழன்

ரத்னாவுக்கு உதடு மரத்து, விரலெல்லாம் ஊசி குத்துகிறது. பதறி ஓடினேன். கால்சியம் ஏற்றினார்கள். இத்தனை நாள் காய்ந்த எலும்பு, இப்போது பசியெடுத்து ரத்தத்திலிருக்கிற கால்சியத்தையெல்லாம் இழுத்துக்கொள்கிறதாம்.

"எலும்புக்கா பசி? எனக்குதாங்க பசி. களி வேணும்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். என் கையை விடவில்லை.

மஞ்சுளாக்காவுக்குப் போன். "மாவு தரேன் தம்பி. ஆனா நீதான் கிண்டணும்."

நாளை விடிந்ததும் ஓசூர். கிண்டி, தூக்கில் எடுத்து வர வேண்டும். பழக்கமில்லாத கைக்குக் கொப்புளம் வருமாம். வரட்டும்.