ரயில் பெட்டியில் பழகிய குரல்

என் குழந்தையின் முகத்தில் இன்று சிவப்பாக ஏதோ பொரிந்திருந்தது. அம்மையோ என்று பதறி, வெறும் வேர்க்குரு என்று தெரிந்தபின், முகத்துப் பவுடரின் மேலேயே தேங்காய் எண்ணெய் தடவினேன். பவுடரும் எண்ணெயும் கலந்த வாசனையில் நீ வந்துவிட்டாயடி. நாடகம் முடிந்து நீ அரிதாரம் கலைக்கும் வாசனை அது. நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இப்போதுதான் எழுதக் கை வருகிறது.

இசை நாடகக் கம்பெனியில் சேர்ந்தே தீருவேன் என்று பதினேழு வயதில் பிடிவாதம் பிடித்தாய். வீட்டில் பாடினால் அக்கம்பக்கம் பேசும். கும்மிடிப்பூண்டியிலிருந்து நாம் சேர்ந்து காலேஜுக்குப் போகும் ரயிலில், சக்கரச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பாடுவாய். வண்டி நின்றால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாய். நகர்ந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாய். பொன்னேரியில் ஏறும் மீன்காரம்மா விடமாட்டாள்: "இன்னாம்மே, வண்டிக்கு பிரேக் போட்டா உன் தொண்டைக்கும் போட்டுடறாங்களா?"

இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த உன் நைனா ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுத்தார். "ஒரு தபா பாடிக் காட்டு. சேத்துக்கினா போ. இல்லாட்டி டீச்சர் ட்ரெய்னிங்தான். அப்பால பேச்சு கிடையாது."

மெட்ராஸ் ஒத்திகைக் கூடத்தில் நைனாவும் நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். நீ நன்றாகத்தான் பாடினாய். புதியவர்களின் சுருதியைச் சோதிக்க ஆர்மோனியக்காரர் பாதியில் வாசிப்பை நிறுத்துவாராம், நமக்கெங்கே தெரியும்? அவர் கை நின்றது. பழக்கதோஷம், நீயும் நின்றுவிட்டாய்! நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆர்மோனியக்காரர் சலிப்போடு மறுபடி கட்டையில் கை வைக்க, அது ஒலிக்கும் முன்பே விட்ட சொல்லை விட்ட சுருதியிலேயே பிடித்தாய். இம்மி பிசகவில்லை.

"இவ்ளோ நேரம் சுருதிய எங்கம்மா வெச்சிகினு இருந்த?" என்றார்.

"ஸ்டேஷன்ல வண்டி நிக்கசொல்ல எங்க வெச்சிக்குவேனோ, அங்கதான் சார்."

கூடமே சிரித்தது. "மொதல்ல திரைக்குப் பின்னால கோரஸ்தான். ஒரு வருசம் மூஞ்சி வெளிய தெரியாது, பரவால்லியா?" என்றார் அவர்.

"கொரல் தெரியும்ல சார்?"

திரும்பும் வண்டியில் நைனா முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு நாடகத்துல பாடுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முதன்முதலாக நீ திரைக்கு முன்னால் வந்த அன்று, என்னைக் கடைசி வரிசைக்குத் துரத்தினாய். "அங்க குந்திக்கோ. கேக்கலன்னா கையத் தூக்கு." அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, தூக்க நேரவே இல்லை.

போன வாரம் பள்ளி விழாவில் குழந்தையின் பாட்டு. முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்த என் வீட்டுக்காரர், நான் பின்னால் போவதைப் பார்த்து எழுந்து வந்தார்.

"அங்கேர்ந்து இன்னா தெரியும்?"

"தெரிய வேணாம். கேக்குதான்னு பாக்கணும்."

நடுவில் மறந்துவிடுமோ, அழுதுவிடுமோ என்று எனக்குப் பயம். குழந்தை வாயைத் திறந்தது. என் கை மடியிலேயே இருந்தது.